பெட்டைக்கு மட்டும் அனுமதி

எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தில் என் கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது. “வீட்டுக்கு ஆறு பெட்டைக்கோழிகள் வரை வளர்த்துக்கொள்ளலாம், சேவல் வளர்க்கக் கூடாது.” 31 வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்தவள் நான். ஓய்வுபெற்ற மறுமாதமே, வேறு யாரும் அகப்படாததால், செயலாளர் பதவி என் தலையில் விழுந்தது. தெருவிளக்கு, குப்பை வண்டி, யார் வீட்டு மாங்கிளை யார் மதிலுக்குள் என்று எழுதிய எத்தனையோ தீர்மானங்களில் இந்த ஒன்றைத்தான் பெருமையாக நினைத்திருந்தேன். இரண்டு தரப்புக்கும் பாதிப் பாதி, யாருக்கும் முழுத் தோல்வி இல்லை. இப்போது அந்தப் பக்கத்தைப் புரட்டினால், முதல் வரியில் கூட்டலைத் தப்பாகப் போட்டுவிட்டுக் கடைசி வரி வரைக்கும் அழகாகச் செய்துகொண்டு போகும் பையன்களின் விடைத்தாள்தான் ஞாபகம் வருகிறது. அவர்களுக்கு நான் படிக்குப் பாதி மதிப்பெண் போடுவேன். எனக்கு யார் போடுவது?

நாகர்கோவிலில் பார்வதிபுரம் மேம்பாலத்தைத் தாண்டி உள்ளே வந்தால் எங்கள் தெரு. நான் கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்தபோது அது வயல். நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு நேர்ந்த கதை இங்கே எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். ஐந்து சென்ட் என்றால் 2178 சதுர அடி. வீடு, கிணறு, கார் நிற்க இடம் எல்லாம் போக மிஞ்சுவது மதிலோரம் ஓர் ஆள் ஒருக்களித்து நடக்கிற சந்து. ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் மறுவீட்டில் தும்முவார்கள். இந்த நெருக்கத்துக்கு நடுவில் ஓர் ஓட்டு வீடு மட்டும் எங்கள் எல்லோருக்கும் மூத்தது. வயலோரத்து விளையாக, அதாவது மேட்டுத் தோப்பாக, இருந்த காலத்திலிருந்தே பெரியம்மா அங்கே இருக்கிறார். உறவு ஒன்றும் இல்லை, தெரு முழுக்க அவரைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடும். பிள்ளைகளின் பங்கு விற்றுப் போய் அவருக்கு மிச்சம் ஆறு சென்ட், மூன்று தென்னை, ஓர் அயனி மரம், ஐந்து பெட்டைக்கோழி, ஒரு சேவல்.

3.40

புகார் கொடுத்தவர் தெற்கு வீட்டுத் தம்பி. கோழியைக் கண்டாலே முகம் சுளிக்கும் பட்டணத்துக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் வளர்ந்த பையன். அமெரிக்க மருத்துவமனைகளின் பில்களைச் சரிபார்க்கும் வேலை, வீட்டிலிருந்தே. அவர்களுக்குப் பகல் என்றால் இவருக்கு இரவு. அதிகாலை மூன்றரைக்கு மடிக்கணினியை மூடிவிட்டுப் படுப்பார். மனைவி நர்ஸ், ஆறு மணிக்குப் பஸ் பிடிக்க வேண்டும். கையில் ஏழு மாதக் குழந்தை. கோழிக்கூட்டுக்கும் அவர்களுடைய படுக்கையறை ஜன்னலுக்கும் நடுவில் எட்டு அடி. நானே டேப் பிடித்து அளந்தேன். சேவல் கூவுவது 3.40க்கு.

ஒரு வாரம் தினமும் மொபைலில் சத்தத்தை அளந்து, தாளில் கட்டம் போட்டு எழுதிக்கொண்டு வந்தார். குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்று 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்வதையும் அடியில் குறித்திருந்தார். “உங்கள் ஊரில் கோயில் கொடையும் சர்ச் திருவிழாவும் குழாய் ஒலிபெருக்கி இல்லாமலா நடக்கின்றன?” என்று வாய்வரை வந்தது. கேட்கவில்லை. பத்து நாள் திருவிழா கொடியிறக்கத்தோடு ஓய்ந்துவிடும். சேவலுக்குக் கொடியிறக்கம் கிடையாது.

பெரியம்மா சும்மா இருக்கவில்லை. கூட்டின்மேல் சாக்கைப் போட்டு மூடினார். வெளிச்சம் தெரியாவிட்டால் விடிந்தது தெரியாது என்பது அவருடைய கணக்கு. என் கணக்கும் அதுதான். மூன்று சாக்கு, அதற்குமேல் பழைய தார்ப்பாய். மறுநாள் சரியாக 3.40க்குக் கிணற்றுக்குள் நின்று கூவுவதைப் போல ஒரு குரல் வந்தது, முன்னைவிடக் கனமாக. பிறகுதான் தேடிப் படித்தேன். ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தார் சேவல்களை நாள் கணக்கில் மங்கிய வெளிச்சத்திலேயே வைத்துப் பார்த்து, விடியலைக் காணாமலே அவை வேளைக்குக் கூவுவதை 2013-இல் எழுதியிருக்கிறார்கள். கடிகாரம் உள்ளே இருக்கிறது. தார்ப்பாய் போட்டு என்ன பயன்? பெல்ஜியத்தில் 2018-இல் இன்னொன்று கண்டுபிடித்தார்கள். சேவல் கூவுவதற்காக வாயை முழுக்கத் திறக்கும்போது அதன் காதுத்துளை அடைத்துக்கொள்கிறதாம். ஊரையே எழுப்புகிற சத்தம் அதற்கு மட்டும் குறைவாகத்தான் கேட்கும். இதைத் தம்பியிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

நியூயார்க்கிலிருந்து வந்த விதி

ஆனி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை எங்கள் மொட்டைமாடியில் கூட்டம். கோழி என்ற பேச்சை எடுத்ததும், அதுவரை வாய் திறக்காதவர்களுக்கெல்லாம் வாய் வந்தது. கோழியே கூடாது என்றார் ஒருவர். மழைக்காலத்தில் நாற்றம் தாங்கவில்லை என்றார் இன்னொருவர். அதில் உண்மை உண்டு. ஆனியில் ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை என்று இரண்டு பருவமும் அடிக்கிற மாவட்டம் இது. கூட்டுத் தரையில் போட்ட மரத்தூள் காய்வதற்குள் அடுத்த மழை வந்துவிடும். ஈரத்தில் எச்சம் ஊறினால் கண்ணெரியும். ஆனால் தூளை வாரம் ஒருமுறை வாரித் தென்னைமூட்டில் போட்டுவிட்டால் அந்தப் பிரச்சினை தீர்ந்தது, பெரியம்மா அதைச் செய்கிறவர்தான். மூன்றாமவர் பறவைக் காய்ச்சலை எடுத்தார். 2024 ஏப்ரலில் ஆலப்புழையில் வந்ததும் கேரள எல்லையான களியக்காவிளையில் வண்டி வண்டியாக நிறுத்தி மருந்து அடித்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். பயம் பொய்யில்லை. ஆனால் மாசியில் கால்நடை மருந்தகத்தார் போடும் கழிச்சல் தடுப்பூசி முகாமுக்கு ஐந்து கோழியையும் கூடையில் சுமந்து போகும் ஒரே ஆள் பெரியம்மா என்பதையும் நான் பார்த்திருக்கிறேன்.

யாரோ அடூர் வழக்கைச் சொன்னார்கள். 2025 பிப்ரவரியில் பத்தனம்திட்டை மாவட்டத்தில், பக்கத்து வீட்டுச் சேவல் விடியற்காலை மூன்று மணிக்கே கூவித் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று ஒருவர் கோட்டாட்சியரிடம் போனார். அதிகாரி நேரில் பார்த்துவிட்டு, மாடியில் இருந்த கூட்டை 14 நாளுக்குள் மனையின் தென்புறத்துக்கு மாற்றச் சொன்னார். அவ்வளவுதான் தீர்ப்பு. கோழியும் இருக்கும், சேவலும் இருக்கும், கூடு மட்டும் இடம் மாறும். “இங்கேயும் மாற்றினால் என்ன?” என்று ஒரு குரல் வந்தது. கூடு இப்போது தென்புறம், தம்பியின் ஜன்னலோரம். கிழக்கே தெரு, மேற்கே கிணறு. மிச்சம் இருப்பது வடபுறம். வடபுறத்தில் யாருடைய ஜன்னல் இருக்கிறது என்று அப்போது யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. நியூயார்க்கில் இருக்கும் என் அண்ணன் மகள் எப்போதோ சொன்னதை எடுத்துப் போட்டேன். அந்த மாநகரத்திலேயே வீட்டில் கோழி வளர்க்கலாம், சேவல்தான் கூடாது.

கூட்டம் அப்படியே அடங்கிவிட்டது. நியூயார்க் என்ற சொல்லுக்கு இன்னும் அந்தப் பலம் இருக்கிறது. முட்டைக்குச் சேவல் வேண்டியதில்லை, பெட்டை தானாக இடும் என்று நானே விளக்கினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். பெரியம்மா மட்டும் கேட்டார்: “பெட்டைகள் இருக்கலாம் அல்லவா டீச்சர்?” இருக்கலாம் என்றேன். “அப்படியானால் சரி.” அந்தச் ‘சரி’யைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டேன். அந்த வாரமே சேவல், கால் கட்டப்பட்டு, துணிப்பைக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டிக்கொண்டு, வடசேரியில் பஸ் ஏறித் திட்டுவிளையில் அவருடைய தங்கை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

எட்டாம் நாள்

முதலில் எதுவும் தெரியவில்லை. அதுதான் வேடிக்கை. சேவல் போவதற்குச் சற்று முன்பே செவலைப் பெட்டை முட்டையிடத் தொடங்கியிருந்தது. பதினொரு முட்டை சேர்ந்ததும் அடை வைத்தார் பெரியம்மா. 21-ஆம் நாள் ஏழு குஞ்சு பொரித்தது. விதியும் நடக்கிறது, கோழியும் பெருகுகிறது என்று நான் உள்ளுக்குள் குளிர்ந்துபோனேன்.

ஆவணியில் கீரிப் பெட்டை அடைக்கு உட்கார்ந்தது. அடைக்கோழியைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? பெரியம்மா வீட்டுச் சாய்ப்பில், பழைய அலுமினியச் சருவத்தில் மரத்தூள் பரப்பி, இடிக்குப் பயந்து ஓர் இரும்பாணியும் ஒரு கரித்துண்டும் ஓரத்தில் செருகி, பன்னிரண்டு முட்டையின்மேல் அது தோசைமாவைப் போலப் பரவி உட்கார்ந்திருந்தது. கொண்டையின் சிவப்பு வெளிறிவிட்டது. கையைக் கொண்டுபோனால் உடம்பு முழுவதும் சிலிர்த்து இரண்டு மடங்காகும். அடிவயிற்று இறகு உதிர்ந்து, வெறும் தோல் முட்டையின்மேல் பட்டுக் காய்ச்சலைப் போலக் கொதிக்கும். நாளுக்கு ஒருமுறை எழுந்து, அவசர அவசரமாகக் கொத்தி, தண்ணீர் குடித்து, கோழிக்குஞ்சு அளவுக்கு ஓர் எச்சம் போட்டுவிட்டு ஓடிவந்து மறுபடி உட்காரும். கருங்கல் பக்கத்தில் என் பாட்டி வீட்டில் இதைப் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன். எட்டாம் நாள் பாட்டி கதவை ஒருக்களித்து மூடி, இடுக்கில் விழும் வெயிலுக்கு நேரே முட்டையைப் பிடித்து, உள்ளங்கையைக் குழாயாக மடக்கிப் பார்ப்பார். உள்ளே சிவப்பு நரம்பு சிலந்தியைப் போலக் கால் விரித்திருந்தால் குஞ்சு. இல்லாவிட்டால் கூமுட்டை.

அந்த எட்டாம் நாள் சாயங்காலம் நானும் போயிருந்தேன். வெயில் இல்லை, மழைமூட்டம். என் மொபைல் விளக்கு மங்கல். தம்பி வேலைக்கு உட்காருமுன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மதிலோரம் நின்றிருந்தார். அவரைக் கூப்பிட்டேன். அவர் விளக்கைப் பிடித்தார், பெரியம்மா முட்டையை வைத்தார். முதல் முட்டை ஆரஞ்சு நிறத்தில் விளக்கைப் போல ஒளிர்ந்தது. உள்ளே மஞ்சள்கருவின் நிழல், அதற்குமேல் ஒன்றும் இல்லை. இரண்டாவதும் அப்படித்தான். ஐந்தாவதுக்கு மேல் யாரும் பேசவில்லை. பன்னிரண்டையும் பார்த்தோம். பன்னிரண்டும் தெளிந்த கண்ணாடி.

சேவல் போய் இரண்டு மாதம். இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? பத்து வயதில் எனக்குத் தெரிந்த விஷயம் இது. முட்டைக்குச் சேவல் வேண்டியதில்லை என்று மொட்டைமாடியில் நின்று வகுப்பெடுத்தவள், குஞ்சுக்கு வேண்டும் என்ற அடுத்த வரிக்குப் போகவே இல்லை. “பெரியம்மா, உங்களுக்குத் தெரியாதா?” என்று கேட்டேன். என் குரலில் கொஞ்சம் கோபம்கூட இருந்தது, வெட்கம் வரும்போது எனக்கு அப்படித்தான் வரும்.

“தெரியும் மக்களே. படித்தவர்கள் எழுதியிருக்கிறீர்கள், அதற்கு வேறு ஏதாவது வழி வைத்திருப்பீர்கள் என்று நினைத்தேன்.”

முட்டைகளை ஒவ்வொன்றாக மறுபடி கோழிக்கு அடியில் வைத்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. 21 நாள் ஆயிற்று, 24 ஆயிற்று. கீரிப் பெட்டை எழுந்திருக்கவில்லை. 26-ஆம் நாள் ஒரு முட்டை வெடித்து, தெரு முழுக்க நாறியது. மறுநாள் பெரியம்மா கோழியைத் தூக்கிவந்து, அடை கலைவதற்காக வாளித் தண்ணீரில் வயிறு நனைய நாலு முறை முக்கி முற்றத்தில் விட்டார். அது உடம்பை உதறிவிட்டு, நனைந்த செருப்பைப் போலச் சிறுத்து, இல்லாத குஞ்சுகளைக் கூப்பிட்டுக் கொக்கொக்கென்று கேறிக்கொண்டே மதிலோரமாக நடந்தது. நான் என் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன்பிறகு பல நாள் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். நியூயார்க்கில் அந்த விதி நடக்கிறது என்றால், அங்கே குஞ்சு பொரிப்பது கோழியின் வேலையாக இல்லை. பொரிப்பகத்திலிருந்து பெட்டைக்குஞ்சாகப் பார்த்து வாங்கிக்கொள்ளலாம். பிறந்த அன்றே ஆண், பெண் பிரிக்கும் கைவித்தையை ஜப்பானியர்கள் நூறு வருடத்துக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். பெட்டைக்குஞ்சு மட்டும் வாங்குகிறோம் என்றால் அதே அளவு சேவல்குஞ்சு எங்கோ மிஞ்சுகிறது. முட்டையினத்துச் சேவல்குஞ்சு கறிக்கும் தேறாது, அன்றைக்கே கொன்றுவிடுவார்கள். ஜெர்மனி 2022 ஜனவரி முதல் அதைத் தடை செய்திருக்கிறது. பல நாடுகளில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. நம் தெருவில் சைக்கிளில் கூடை வைத்துக்கொண்டு, ரோஜா நிறத்திலும் பச்சையிலும் சாயம் தோய்த்த குஞ்சுகளைக் குழந்தைகளிடம் விற்றுப் போகிறார்களே, அவை பெரும்பாலும் இந்த மிஞ்சிய சேவல்கள்தான். இரண்டாம் நாள் செத்துப்போகும். அதை யாரும் சங்கத்தில் புகார் செய்ததில்லை. சத்தம் போடுவதில்லை அல்லவா?

பெரியம்மாவின் கோழி வேறு கணக்கு. நாட்டுக்கோழி வருடம் முழுக்க இடுவதில்லை. ஒரு பருவம் இடும், அடைகாக்கும், குஞ்சைக் கூட்டிக்கொண்டு இரண்டு மூன்று மாதம் சுற்றும், பிறகு மறுபடி இடும். நான் அவரிடம் முட்டை ஒன்றுக்கு 15 ரூபாய் கொடுக்கிறேன். அது அவருக்குச் சில்லறை. வளர்ந்த கோழியை விற்கும் பணம்தான் மாத்திரைக்கும் கரண்ட் பில்லுக்கும். கோழியை விலைக்கு வாங்குகிறவர்களுக்கு என் தீர்மானம் அனுமதி கொடுத்தது. கோழியைக் கோழியிலிருந்தே உண்டாக்குகிறவர் அந்தத் தெருவில் ஒரே ஒருவர்தான், அவருக்கு நாசூக்காகக் கதவைச் சாத்தியது. இருக்கிற ஐந்தும் கிழடாகிச் செத்தால் கூடு தானாகக் காலி. கோழியே கூடாது என்று அன்று சொன்னவர் என்னைவிட நேர்மையானவர்.

எந்த வயதிலிருந்து சேவல்?

செவலை பொரித்த ஏழில் ஒன்றைக் காகமும் ஒன்றைக் கீரிப்பிள்ளையும் கொண்டுபோக, ஐந்து தேறின. கார்த்திகை பிறந்ததும் அவற்றில் மூன்றுக்கு வால் இறகு வளையத் தொடங்கியது. ஒருநாள் காலை, குரல் உடைகிற ஒன்பதாம் வகுப்புப் பையன் பாடுவதைப் போல ஒரு சத்தம், பாதியில் நின்றுவிட்டது. அன்று பெரியம்மா வாசலில் வந்து நின்றார். கிண்டல் ஒன்றும் இல்லை, நிஜமாகத்தான் கேட்டார்: “டீச்சர், இவை இன்றைக்குக் குஞ்சா, சேவலா? எந்த வயதிலிருந்து சேவல் என்று எழுதியிருக்கிறீர்கள்?” புத்தகத்தில் அப்படி எதுவும் இல்லை. கிறிஸ்துமஸ் வரைக்கும் குஞ்சுதான் என்று வாய்மொழியாகத் தீர்ப்புச் சொன்னேன். கிறிஸ்துமஸ் சமயத்தில் நாட்டுச்சேவலுக்கு இந்த மாவட்டத்தில் என்ன மவுசு என்று சொல்ல வேண்டியதில்லை. மூன்றும் நல்ல விலைக்குப் போயின.

அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் காலையில் மொபைலைத் திறந்தால் தம்பியிடமிருந்து நீளமான வாட்ஸ்அப் செய்தி. அனுப்பிய நேரம் 2.15. வேலைக்கு நடுவில் உட்கார்ந்து படித்திருக்கிறார். சேவலோடு சேர்ந்த பெட்டையின் உடம்புக்குள் விந்து பத்துப் பன்னிரண்டு நாள் வரைகூட உயிரோடு தங்குமாம். செவலையின் முட்டைகள் சேவல் போன பிறகும் பொரித்தது அதனால்தான். கடைசியில் எழுதியிருந்தார்: “அப்படியானால் சேவல் வருடம் முழுக்க இருக்க வேண்டியதில்லையே டீச்சர். பெட்டை முட்டையிடத் தொடங்கும்போது நாலைந்து நாள் வந்துவிட்டுப் போனால் போதாதா? அன்றைக்கு விளக்கைப் பிடித்ததிலிருந்து மனசு சரியில்லை.”

வளர்க்கக் கூடாது என்றுதான் தீர்மானம் சொல்கிறது. விருந்துக்கு வருவதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. இப்படிப் பொருள் சொல்கிற மாணவர்களை நான் வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருக்கிறேன். பெரியம்மாவிடம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “இது முன்பே தெரிந்திருந்தால் கீரிக்கு அந்தப் பாடு இருந்திருக்காது” என்றார். அவ்வளவுதான்.

பொங்கல் கழிந்து செவலையும் கீரியும் ஒருசேர முட்டைக்குத் தயாராயின. தம்பியின் மனைவி விடுமுறை எடுத்துக் குழந்தையோடு குலசேகரத்துக்குப் போகிற வாரமாகப் பார்த்து நாள் குறித்தோம். சனிக்கிழமை மத்தியானம் திட்டுவிளை பஸ்ஸில் அதே துணிப்பையில் அதே சேவல் வந்து இறங்கியது, ஆறு மாதத்தில் நன்றாகச் சதைபிடித்து. கூட்டை எங்கே வைப்பது என்று பெரியம்மா கேட்டார். வடபுறம் வையுங்கள் என்றேன். தம்பியும் நானும் ஆளுக்கொரு பக்கம் தூக்கி, என் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே மதிலை ஒட்டி இறக்கினோம். டேப் பிடித்து அளந்தார் தம்பி. ஏழரை அடி.

அன்றிரவு சீக்கிரமே படுத்துவிட்டேன். நடுவில் எதற்கோ விழிப்பு வந்தது. ஜன்னலுக்கு அப்பால் எல்லாம் அமைதியாக இருந்தது, தென்னையோலைகூட அசையவில்லை. தலையணைக்கடியிலிருந்து மொபைலை எடுத்து மணி பார்த்தேன். 3.38.